தூக்குத் தண்டனை வேண்டுமா?



கொலை செய்தவனைக் கொல்லும் உரிமை அரசுக்கு உண்டா என்னும் கேள்வி நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பட்டிமன்றத் தலைப்பாகப் பலமுறை வந்திருக்கிறது. நானே ஆசிரியனாக இருந்த நாளில் இத்தலைப்பைக் கொடுத்து, இரு பக்கமும் பேச மாணவரைப் பழக்கியிருக்கிறேன். பேசி முடிந்ததும் கைதட்டுவோம். நன்றாகப் பேசியவருக்கு ஒரு புத்தகம் பரிசளிப்போம். மணி அடித்ததும் மறந்துவிடுவோம். ஆனால் இந்தக் கேள்வி ஒருநாள் நம் வாயிற்படிக்கே வந்து நின்றது. அன்று எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. அந்த நாளிலிருந்து தொடங்கி, என் மனம் சென்ற வழியை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் நெடுஞ்சாலையை நீங்கள் அறிவீர்கள். தருமபுரியை அடுத்து இலக்கியம்பட்டி என்றோர் ஊர் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், அன்று வெளிவந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பைக் கண்டித்துச் சிலர் அங்கே சாலை மறியல் செய்தனர். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து கல்விச் சுற்றுலா வந்த மாணவியரின் பேருந்து அந்த மறியலில் சிக்கி நின்றது. அதன்மேல் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க, மூன்று மாணவியர் வெந்து மாண்டனர். பலர் காயமுற்றனர். உடன் வந்த மாணவர்கள் கண்ணாடிகளை உடைத்து இயன்ற மட்டும் தோழியரை மீட்டார்கள்.

அக்காலத்தில் கிருஷ்ணகிரியும் ஓசூரும் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். ஆகவே அது எங்கள் மாவட்டத்தில் நடந்த கொடுமை. சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியனின் நெஞ்சம் எப்படி இருக்கும் என்பதை நான் அறிவேன். பேருந்தில் ஏறும்போது தலைகளை எண்ணுவோம், இறங்கும்போதும் எண்ணுவோம். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் மூச்சு வரும். அன்று எண்ணிக்கையில் மூன்று குறைந்தது. இதைச் செய்தவர்களைத் தூக்கிலிட வேண்டும் என்று ஆசிரியர் அறையில் முதலில் சொன்னவன் நான்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

வழக்கு எவ்வாறு நடந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். விசாரணை முதலில் கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் நடந்தது. சாட்சிகள் பலர் முன்பு சொன்னதைக் கைவிட்டுப் பிறழ்ந்தனர். உயிரிழந்த மாணவி ஒருவரின் தந்தையார் உயர்நீதிமன்றத்தை நாடினார். அதன்பின் வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டுப் புதிதாக விசாரிக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே மரண தண்டனை விதிக்கலாம் என்பது 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த நெறி. அந்த நெறிக்குள் இக்குற்றம் அடங்கும் என்று மூன்று நீதிமன்றங்களும் கண்டன. நீதி வென்றது என்று நானும் மகிழ்ந்தேன்.

ஆறாண்டுகள் சென்றன. 2016ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், மறுஆய்வு மனுவின்மேல் அதே உச்சநீதிமன்றம் அம்மூவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கும்பல் வெறியின் வசப்பட்டு, நிதானம் இழந்த நிலையில் செய்த செயல் அது; முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்த கொலை அன்று என்பது நீதிபதிகள் கண்ட காரணம். பின்னர் 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய முன்விடுதலைத் திட்டத்தின்கீழ் அவர்கள் மூவரும் விடுதலை பெற்றார்கள்.

நேயர்களே, அதே மூவர், அதே குற்றம், அதே சாட்சியம், அதே உச்சநீதிமன்றம். 2010இல் அவர்கள் சாகத் தக்கவர்கள். 2016இல் வாழத் தக்கவர்கள். நான் மிகவும் கொதித்தேன். அந்நாளில் என்னைக் காண வந்த பழைய மாணவர் ஒருவரிடம் அக்கொதிப்பைக் கொட்டினேன். அவர் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில், இயந்திர உறுப்புகளை அளந்து சோதிக்கும் பணியில் இருப்பவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஐயா, எங்கள் பட்டறையில் ஒரே தண்டை ஒரே கருவியால் இருமுறை அளந்து, இரண்டு அளவு வந்தால், தண்டின்மேல் குற்றம் சொல்ல மாட்டோம். கருவியைத்தான் சந்தேகிப்போம். அது சரியென்று தெரியும்வரை அதை நம்பி ஒன்றையும் வெட்ட மாட்டோம். வெட்டிய இரும்பு வளராது, ஐயா."

அந்தச் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. நான் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பைத்தான் தவறென்று எண்ணியிருந்தேன். எது சரி, எது தவறு என்பதை விடுத்து, ஒரே கோல் ஏன் இரண்டு அளவு காட்டியது என்று கேட்கத் தொடங்கினேன். நம் பகுதிக்கு அண்மையிலேயே இன்னொரு வழக்கு கிடைத்தது.

மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில், தமிழ்நாடும் கர்நாடகமும் சந்திக்கும் எல்லையில், பாலாறு என்னும் இடம் இருக்கிறது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் வீரப்பன் கூட்டத்தார் அங்கே கண்ணிவெடி வைத்ததில் காவலர்களும் வனத்துறையினரும் பிறருமாக 22 பேர் மாண்டனர். அவ்வழக்கில் நால்வருக்கு 2001இல் மைசூர்த் தனி நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அதனை எதிர்த்து அந்நால்வர் உச்சநீதிமன்றம் சென்றனர். தண்டனை குறையும் என்று எண்ணிப் போனவர்களுக்கு 2004 ஜனவரியில் அந்த நீதிமன்றம் அதனை மரண தண்டனையாக உயர்த்தியது. கருணை மனு ஒன்பது ஆண்டுகள் காத்துக் கிடந்து 2013இல் தள்ளுபடியாயிற்று. 2014ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, கருணை மனுவை முடிவு செய்வதில் நேர்ந்த நீண்ட தாமதமும் ஒரு கொடுமையே என்று கூறி, இந்த நால்வர் உட்படப் பதினைவரின் தூக்கை ஆயுளாக மாற்றியது. ஆயுள், பிறகு தூக்கு, மீண்டும் ஆயுள்! ஒரு மனிதனின் உயிர் ஊஞ்சலில் வைத்து ஆட்டப்பட்டது போல இருக்கிறது.

"இறுதியில் திருத்திக்கொண்டார்களே, முறை நன்றாகத்தானே நடக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் உயிரோடு இருந்தமையால் திருத்த முடிந்தது. திருத்தம் காலம் கடந்து வந்த கதையும் நம் நாட்டு ஏடுகளிலேயே உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ஒரே கொலை வழக்கில், ஏறத்தாழ ஒரே பங்குடைய மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. மூவரும் தனித்தனியே உச்சநீதிமன்றத்தை அணுகினர். 1977இல் ஒருவருடைய தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. இன்னொருவருடைய மனு தள்ளுபடியாகி, 1981 அக்டோபர் 6ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவருக்காக வழக்காடியபோதுதான் இந்த வேறுபாடு நீதிபதிகளின் கண்ணில் பட்டது. அவர் உயிர் தப்பினார். ஒரே குற்றத்தில் ஒருவர் கயிற்றில் தொங்கவும், இருவர் பிழைக்கவும் காரணமாய் அமைந்தது, எவர் மனு எந்த நாளில் எந்த அமர்வின்முன் வந்தது என்பதே. இராசத்தான் வழக்கொன்றில் 1996இல் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். பச்சன் சிங் வழக்கில் வகுத்த நெறிக்கு மாறாக, குற்றவாளியின் நிலையைக் கருதாமல் அத்தீர்ப்பு எழுதப்பட்டது என்று உச்சநீதிமன்றமே 2009இல் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை அந்த மனிதனிடம் யார் போய்ச் சொல்வது?

நீதிபதிகளை நான் குறை கூறவில்லை. கற்றறிந்தவர்கள், அஞ்சி அஞ்சித் தீர்ப்பெழுதுபவர்கள். ஒருவன் இளைஞன் என்பதும், தூண்டப்பட்டவன் என்பதும், திருந்தக்கூடியவன் என்பதும் தராசில் வைக்கத்தக்க பொருள்களே. ஆனால் எப்பொருளுக்கு எவ்வளவு எடை என்பதை எழுதி வைக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. அதை நெஞ்சமே நிறுக்க வேண்டும், நெஞ்சங்கள் வேறுபடும். சிறைத் தண்டனையிலும் இந்த வேறுபாடு உண்டு. அங்கே தவறு நேர்ந்தால் கதவைத் திறந்து விடலாம். தூக்கு மேடைக்குத் திரும்பும் வழி இல்லை.

இந்த உண்மையை நம் முன்னோர் சட்டக் கல்லூரியில் கற்கவில்லை, சிலப்பதிகாரத்தில் கற்றார்கள். பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரியாமல் ஓர் ஆணையிட்டான். அவ்வளவே அவன் செய்த பிழை. கண்ணகியின் சிலம்பை உடைத்து உள்ளிருக்கும் பரலைக் காண எவ்வளவு நேரமாயிற்று? சில கணமே. அந்தச் சில கணம் கோவலனின் தலை விழுவதற்கு முன் வராமல் பின் வந்தது. தவற்றை உணர்ந்த மன்னன் எதைத்தான் கொடுத்து ஈடு செய்வான்? தன் உயிரையே கொடுத்தான். அப்போதும் கோவலன் எழவில்லை. இங்கிலாந்திலும் 1950இல் திமோத்தி எவான்சு என்பவர், தம் குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்டார். அதே வீட்டில் குடியிருந்த வேறொருவன் பல பெண்களைக் கொன்றவன் என்பது 1953இல் வெளிப்பட்டது. 1966இல் எவான்சுக்கு மன்னிப்பு வழங்கினார்கள். அதற்கு முன்பே, 1965இல், அந்நாடு கொலைக் குற்றத்துக்கான தூக்கை நிறுத்தி வைத்தது; 1969இல் அதை நிலையாக்கியது.

இனி எதிர்ப்பக்கத்து வாதங்களைப் பார்ப்போம். அவற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

தூக்குக் கயிறு இருந்தால்தான் கொடியவர் அஞ்சுவர் என்பது முதல் வாதம். தமிழ்நாட்டில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1995ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், சேலம் மத்தியச் சிறையில். பெயர் பெற்ற அவ்வழக்கை அறியாதவர் அன்று இல்லை. ஐந்தாண்டு கழிந்து, அதே சேலத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், பேருந்துக்குத் தீ வைத்தார்கள். ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு ஒரு விதியை நிறுவ முடியாது, ஒப்புகிறேன். ஆனால் தீ வைத்த கைகள் எதை நம்பியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கூட்டத்தில் நம்மை யார் அடையாளம் காட்டுவார் என்பதே அந்த நம்பிக்கை. கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் சாட்சிகள் பிறழ்ந்தபோது அந்த நம்பிக்கை ஏறத்தாழப் பலித்தும் விட்டது. அங்கே வழக்கைக் காப்பாற்றியது ஒரு தந்தையின் விடாமுயற்சி. தண்டனையின் கொடுமையைவிட அதன் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764இலேயே எழுதினார். அகப்படுவோம் என்ற அச்சம் இல்லாதவனுக்குக் கயிறு எவ்வளவு தடிப்பாக இருந்தால்தான் என்ன?

வள்ளுவரே கொடியவரை ஒறுப்பதைப் பயிரிடைக் களை பறிப்பதற்கு ஒப்பிட்டிருக்கிறாரே என்பது இரண்டாம் வாதம். பரிமேலழகரும் அதற்குக் கொலைத் தண்டம் என்றே பொருள் கொண்டார். வள்ளுவர் காலத்து அரசனிடம் வாழ்நாளெல்லாம் ஒருவனைக் காத்து வைக்கும் சிறைச்சாலைகள் இன்றுபோல் இருந்திருக்குமா என்பதை எண்ண வேண்டும். இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்து மானாவாரி நிலங்களில் கேழ்வரகு விளைகிறது. அதனிடையே, இளம்பருவத்தில் கேழ்வரகு போலவே தோன்றும் ஒரு புல்லும் முளைக்கும். கைதேர்ந்த உழவர்கூடச் சில வேளைகளில் ஏமாந்து பயிரைப் பிடுங்கிவிடுவதுண்டு. உழவருக்கு ஒரு நாற்று போனால் வேறு நாற்று இருக்கிறது. அரசுக்கு அந்த வசதி இல்லை.

மூன்றாம் வாதத்துக்குத்தான் நான் தலைவணங்குகிறேன். பெற்ற பிள்ளையைத் தீயில் இழந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? 2018இல் அம்மூவரும் வெளியே வந்த செய்தியைப் படித்தபோது என் மனம் புழுங்கிற்று. அந்தப் பெற்றோருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணவும் அஞ்சினேன். தூக்கு வேண்டாம் என்பவன் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். அன்பு, அருள் என்று பொதுவாகப் பேசிவிட்டுப் போவது கோழைத்தனம்.

என் விடை இது. தூக்கு ஒழிய வேண்டுமானால், அதன் இடத்தில் வரும் தண்டனை சொல்லுக்கு உண்மையாக இருக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. பெங்களூரில் நடந்த ஒரு கொலை பற்றிய வழக்கில் 2008ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், தூக்குக்குப் பதிலாக, குற்றவாளி தண்டனைக் குறைப்பின்றி வாழ்நாள் முழுவதும் சிறையில் இருக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு விதிக்கலாம் என்று 2015இல் அரசியல் சாசன அமர்வும் ஏற்றுக்கொண்டது. இனி, ஆளுநரும் குடியரசுத் தலைவரும் பெற்றுள்ள மன்னிப்பு அதிகாரம் எஞ்சுகிறது. அது தேவையான அதிகாரம்தான். ஆனால் விழாவின் பெயரால் ஒட்டுமொத்தமாக வழங்கப்படாமல், ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்து, இழந்தவர்களின் குரலையும் கேட்டு, காரணம் எழுதி வழங்கப்பட வேண்டும். அவ்வாறு செய்தால், துயருற்ற தாய் தந்தையர்க்கு நாம் கொடுத்த வாக்கு பொய்க்காது. திருத்த முடியாத தவற்றையும் நாம் செய்ய மாட்டோம்.

சட்டமும் இத்திசையில் மெல்ல நடந்தே வந்திருக்கிறது. 1955க்கு முன், கொலைக் குற்றத்தில் தூக்கு விதிக்காவிட்டால் ஏன் விதிக்கவில்லை என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1955இல் அந்த விதி நீங்கியது. 1973ஆம் ஆண்டுச் சட்டம், தூக்கு விதித்தால்தான் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்று மாற்றியமைத்தது. 1967இல் தூக்கு நீடிக்கட்டும் என்ற சட்ட ஆணையம், 2015இல் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையில், பயங்கரவாதமும் அரசுக்கு எதிரான போரும் தவிர்ந்த குற்றங்களுக்குத் தூக்கை ஒழிக்கலாம் என்று பரிந்துரைத்தது. எனினும் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் மரண தண்டனை நீடிக்கிறது. ஆகவே இக்கேள்வி முடிந்துவிடவில்லை. அது உங்கள் தலைமுறையின் கைக்கு வந்திருக்கிறது.

சினம் மிகுந்த நாளில் இக்கேள்விக்கு விடை தேடாதீர்கள். நம் அண்டை நாடான இலங்கையில் பண்டாரநாயக்க அரசு மரண தண்டனையை நிறுத்தி வைத்தது. 1959இல் அவரே சுட்டுக் கொல்லப்பட்டதும், அத்தண்டனை மீண்டும் கொண்டுவரப்பட்டு, சுட்டவர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். ஆனால் 1976க்குப் பின் அந்நாடு எவரையும் தூக்கிலிடவில்லை. சினம் ஓர் ஆண்டில் செய்ததை நிதானம் பல ஆண்டுகளில் மாற்றியது. சினம் பிழையன்று, கொடுமையைக் கண்டு சினவாதவன் மனிதன் அல்லன். தீர்ப்பு எழுதும் பேனாவை மட்டும் அதன் கையில் கொடுக்கலாகாது.

மாணவ மாணவியரே, இலக்கியம்பட்டியில் மாண்ட மூவரும் உங்களைப் போலவே ஏடும் கையுமாக இருந்தவர்கள். அவர்களுக்கு நாம் செய்யும் கடன் ஒரு கயிற்றோடு தீராது. நாளை ஒரு கூட்டம் கல்லெடுக்கும்போது அதனுள் நீங்கள் நிற்காதிருப்பதும், கண்டதை நீதிமன்றத்தில் அஞ்சாமல் சொல்வதும், சொல்லியதில் பிறழாமல் நிற்பதுமே அந்தக் கடன். அன்று அச்சாலையில் பலர் நின்றிருந்தார்கள். தீக்குச்சியைத் தட்டிவிட ஒரு கை நீண்டிருந்தால் தூக்கு வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கே எழுந்திராது.

வெட்டிய இரும்பு வளராது என்று என் மாணவர் சொன்னார். அவருக்கு நான் ஆண்டுகள் பல பாடம் சொன்னேன். அவர் எனக்கு ஒரு நாளில் சொன்னார். அதை உங்களுக்கும் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.